ஊருணியும் திறவுகோலும்

சென்ற ஆண்டு நான்கு இளையோர் நம் இல்லத்திற்கு வந்தனர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பங்கு மன்றத்தில் மூன்று மணி நேரம் கூடுவதற்கு இடம் வேண்டும் என்றனர். "என்ன கூட்டம்?" என்றோம். "கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சந்திப்பு, ஃபாதர்" என்றனர். "வருவோரிடம் கட்டணம் உண்டா?" "இல்லை." "உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?" "யாரும் இல்லை." "பிறகு எதற்காக இந்தப் பாடு?" இக்கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, விடை கூறவில்லை. மன்றத்தைத் தந்தோம். மின்கட்டணத்திற்கென ஒரு சிறு தொகையையும் மாதந்தோறும் வாங்கிக்கொண்டோம்.

உபதேசியார் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை, மன்றத்தைப் பூட்ட நாமே சென்றோம். கூட்டம் கலைந்திருந்தது. முதல் நாள் வந்த நால்வருள் ஒருவரான இளம்பெண் தனியாக நின்று நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தேநீர்க் குவளைகள் ஒரு பையில் கட்டப்பட்டிருந்தன. துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. "இன்று என்னம்மா கற்றுக்கொண்டாய்?" என்று வழக்கமான ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தோம்.

"ஒண்ணையும் முழுசாக் கேக்கலை, ஃபாதர். சாவி, மைக், டீ, வழி தெரியாம போன் பண்றவங்க... இதுலயே போயிடும். ஆனா இன்னிக்கு எட்டுப் பேர் புதுசா வந்தாங்க" என்றார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது, களைப்பும் இருந்தது. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டோம். "நாலு வருஷமா. முன்னாடி வேற எடத்துல நடத்தினோம். வேற யாரும் எடுத்துக்கலை. நான் விட்டா நின்னுடும், ஃபாதர்."

நான் விட்டால் நின்றுவிடும். அந்தச் சொல் நம்மோடு அறை வரை வந்துவிட்டது. அது ஒரு நல்ல உள்ளத்தின் பொறுப்புணர்வா? மெல்லிய தற்பெருமையா? அல்லது ஒரு கூட்டமே செய்துகொண்டிருக்கும் அநீதியைப் பற்றிய, குற்றம் சாட்டத் தெரியாத ஒரு முறையீடா? கைம்மாறு கருதாத தொண்டைப் புகழ்ந்து நாம் பேசாத நாளில்லை. ஆனால் அத்தொண்டின் பயனைப் பெறுவோரின் கடமை எது, அதனைச் செய்வோரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? இவ்வினாவைக் கணிப்பொறி உலகின் இச்சிறு கூட்டங்களை முன்வைத்துச் சிந்திப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுக்குளம்

மென்பொருள் என்பது கணிப்பொறிக்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. மனிதர் படித்து அறியத்தக்க அதன் வடிவத்தை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பல, மூலநிரலை மறைத்துவைத்து இயங்கும் வடிவத்தை மட்டுமே விற்கின்றன. சமைத்த உணவைத் தந்து, செய்முறையைப் பூட்டிவைப்பது போன்றது இது. இவ்வழக்கத்தை மறுத்து 1983 செப்டம்பரில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் குனு எனும் திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம். அதன் உள்ளமைப்பைப் படித்து மாற்றலாம். அதனைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். மாற்றியமைத்ததையும் வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகள் இவ்வியக்கத்தின் தூண்கள். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21-ஆம் வயதில், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவரும் ஓர் இயங்குதளத்தைப் பற்றி உலகிற்குத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ் ஆயிற்று.

இன்று அதன் பரப்பு வியப்பிற்குரியது. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் லினக்ஸ் இருக்கிறது. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல், ஐந்நூறுமே லினக்ஸில் இயங்குவன. கைப்பேசியில் பணம் அனுப்பும் பூக்காரம்மாவும், தேர்வு முடிவைப் பார்க்கும் மாணவனும் தாம் அறியாமலே இப்பொதுக்குளத்தின் நீரைப் பருகுகின்றனர்.

பொதுக்குளம் என்றது வெறும் அணிக்காக அன்று. ஒப்புரவைப் பேசுமிடத்தில் வள்ளுவர் ஊருணியை உவமை காட்டியதை நாம் பள்ளி நாளிலேயே கற்றோம். ஆயினும் ஊருணியைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்த மற்றோர் உண்மையும் உண்டு. குளம் தானாகக் குளமாக நீடிப்பதில்லை. ஆண்டுதோறும் வண்டல் சேரும், கரை உடையும், மதகு பழுதாகும். ஆகவேதான் ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து என்னும் முறை நம்மிடையே இருந்தது. நீர் எல்லோருக்கும் உரியது. மண்வெட்டியும் எல்லோருக்கும் உரியது. இவ்விரண்டில் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் குளம் என்னவாகும்? 1858-இல் சென்னை மாகாணத்தில் இப்பணிக்கு ஆள் வரவேண்டும் என்பது கட்டாயச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. சட்டத்தால் ஆளை வரவழைக்கலாம். அக்கறையை வரவழைக்க இயலுமா?

மென்பொருள் எனும் குளத்திற்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. எத்தனைபேர் படியெடுத்தாலும் அது குறைவதில்லை. எனவே அது செலவின்றி வந்தது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் குறைவது ஒன்று உண்டு. அது, அதனைப் பேணும் மனிதரின் நேரம், அவர்தம் உறக்கம், அவர்தம் மனவலிமை.

ஏன் கூடுகிறார்கள்?

நிரல் எழுதுவோர் தத்தம் வீட்டிலிருந்தே எழுதலாமே, கூடுவதற்கு மன்றம் எதற்கு என்று கேட்கலாம். வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க் எனும் ஊரில் ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் கணிப்பொறி ஆர்வலர் சிலர் கூடினர். 'ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம்' எனப் பெயர்பெற்ற அக்கூட்டங்களில் ஒருவர் கண்டறிந்ததை மற்றவர் அங்கேயே கற்றுக்கொண்டனர். ஆப்பிள் கணிப்பொறியின் முதல் வடிவத்தை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக், அதனை அக்கழகத்தாருக்குக் காட்டி மகிழ்ந்தவரே.

நம் சென்னையிலும் 1998-இல் லினக்ஸ் பயனர் குழு ஒன்று தோன்றியது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவது நெடுங்காலம் அதன் வழக்கமாயிருந்தது. இணைய இணைப்பு மெதுவாகவும் விலை மிக்கதாகவும் இருந்த நாள்கள் அவை. குறுந்தட்டுகளைப் படியெடுத்துக் கைமாற்றிக் கொள்வதே பெரிய உதவி. பின்னர் காஞ்சிபுரம் முதலிய ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. இச்செய்திகளைத் தமிழிலேயே எடுத்துரைக்கக் 'கணியம்' எனும் மின்னிதழ் 2012-இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் வராத சிற்றூர்க் கல்லூரி மாணவன், தனக்கும் இவ்வறிவில் பங்குண்டு என்று உணர இவை வழிசெய்தன.

இன்று எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. ஆயினும் கூட்டத்தில் மட்டுமே கிடைப்பவை சில உண்டு. புரியவில்லை என்று கூசாமல் சொல்வதற்கு ஒரு முகம் வேண்டும். தவறிய இடத்தைத் தோளருகே அமர்ந்து சுட்டிக்காட்ட ஒரு கை வேண்டும். 1993-இல் தொடங்கிய டெபியன் எனும் லினக்ஸ் குழுமத்தில் நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. உலகெங்கும் பரவியுள்ள அதன் உறுப்பினர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது நேரில் சந்தித்து, அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்து, ஒருவர் மற்றவரின் மின்னணுச் சாவிக்குத் தம் கையொப்பத்தால் சான்று பகர்வர். நம்பிக்கை என்பது இறுதியில் மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்வது என்பதைக் கணிப்பொறி வல்லுநரும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

இத்தகைய கூட்டம் நடைபெற ஒருவர் மன்றத்தைத் தேட வேண்டும். பேச்சாளரை அழைக்க வேண்டும். கதவருகே நிற்கும் புதியவரை உள்ளே அழைத்து அமர்த்த வேண்டும். எழுதப்பட்ட நிரலில் எழுதியவரின் பெயர் நிற்கும். நாற்காலி போட்டவரின் பெயர் எங்கே நிற்கும்?

ஒரு மறுப்பு

இங்கு ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்வோம். "உழைப்புக்கு ஊதியம் என்பதே நீதி. ஊதியமில்லா உழைப்பைப் புகழ்வது சுரண்டலுக்கு மாலையிடுவது ஆகாதா?" 1976-இல் இளைஞராயிருந்த பில் கேட்ஸ், கணிப்பொறி ஆர்வலருக்கு எழுதிய திறந்த மடலில் ஏறத்தாழ இதனையே கேட்டார். மென்பொருளை விலையின்றிப் படியெடுத்துக் கொண்டால், தொழில்முறையில் நல்ல மென்பொருளை எவர் எழுதுவர் என்பது அவர் வாதம். எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று அது. உழைப்பாளிக்குரிய கூலியை மறுப்பது பாவமென்று நாமே போதித்து வருகிறோம்.

எனினும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்பது விலையைப் பற்றிய கொள்கை அன்று. உரிமையைப் பற்றிய கொள்கை. அதனை விற்கவும் தடையில்லை. அதனை எழுதி ஊதியம் பெறுவோர் இன்று ஏராளம். இரண்டாவதாக, சில செயல்கள் கொடையாக இருக்கும்போதே தம் முழுத்தன்மையைப் பெறுகின்றன. ஆங்கிலச் சமூகவியலாளர் ரிச்சர்டு டிட்மஸ் 1970-இல் வெளியிட்ட நூலில், குருதியை விலைக்கு வாங்கும் முறையையும் கொடையாகப் பெறும் முறையையும் ஒப்பிட்டு, கொடை முறையே சமுதாயத்திற்கு நலமானது என வாதிட்டார். கொடுக்கும் வாய்ப்பே மனிதரை ஒருவருக்கொருவர் உறவாக்குகிறது என்பது அவர் கண்ட உண்மை. மன்றத்தில் எட்டுப் புதியவரை வரவேற்ற அப்பெண்ணின் முகத்தில் நாம் கண்ட மகிழ்ச்சியை எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதுவது?

தன்னார்வலர் அனைவரும் தூய நோக்கினர் என்று நாம் சொல்லவில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதலாம் என்று வருவோர் உண்டு. மேடையையும் கைதட்டலையும் நாடி வருவோர் உண்டு. கலப்படமற்ற நோக்கத்திற்காகக் காத்திருந்தால் உலகில் எந்த நற்செயலும் தொடங்காது. பலர் பல நோக்கத்தோடு வருகின்றனர். பணி செய்யச் செய்ய நோக்கமும் தெளிகிறது. நமது திருவிழாக் குழுக்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

ஆகவே மறுப்பாளர் சுட்டும் ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. கொடை கொடுப்பது தவறன்று. கொடையை உரிமைப் பொருளாக எண்ணி மேலும் மேலும் கேட்பதே தவறு.

களைத்தவரின் வாயில்

இத்தவறு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சான்று. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் மறைபொருளாக்கிக் காப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் எனும் கட்டற்ற மென்பொருள். 2014 ஏப்ரலில் அதில் பெரும் ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, 'இதயக் கசிவு' எனும் பொருள்படப் பெயரிடப்பட்டது. உலகமே அதிர்ந்தது. அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. பெரும் நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதற்கென முழுநேரமும் உழைத்தவர் ஒரே ஒருவர். ஊரெல்லாம் நீர் மொண்ட குளத்தில் தூர்வார ஒரே மண்வெட்டி!

இரண்டாவது இன்னும் துயரமானது. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இசட். எனும் சிறு மென்பொருளை ஒருவர் பல்லாண்டுகளாகத் தனியே பேணிவந்தார். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது என்று முகமறியாத சிலர் அவரைக் கடிந்து எழுதலாயினர். தமக்கு மனநலக் குறைவு இருப்பதையும், இது ஊதியமில்லாத ஆர்வப்பணியே என்பதையும் அவர் பணிவோடு எடுத்துரைத்தார். அவ்வேளையில் பொறுமையோடு உதவிசெய்து வந்த ஒருவரிடம், நாளடைவில் பொறுப்பில் பங்கு தரப்பட்டது. உதவ வந்த அந்தப் பெயருக்குரிய முகத்தை இன்றுவரை எவரும் அறியார். ஏறத்தாழ ஈராண்டுகள் நற்பணி புரிந்த அக்கை, 2024 தொடக்கத்தில் அம்மென்பொருளுக்குள் கள்ளத்தனமாக ஒரு திறவுவழியை வைத்தது. உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளுக்குள் அத்துமீறி நுழைய அது வழிசெய்திருக்கும். வேறொரு பணியில் ஈடுபட்டிருந்த ஒரு பொறியாளர், தம் கணிப்பொறி வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவியதால், மார்ச் 29 அன்று அது அம்பலமாகிப் பேரழிவு தவிர்க்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் கள்வனின் திறமையைவிட நம்மைக் கலங்கவைப்பது, அவன் தேர்ந்தெடுத்த வாயில். பூட்டை உடைக்க அவனுக்குத் தேவை எழவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமையே அவனுக்கு வாயிலாயிற்று. நண்பர் நால்வர் அவர் அருகே இருந்திருந்தால், பாரத்தை இறக்கிவைக்க முகமறிந்த ஒரு கை கிடைத்திருந்தால், என்று எண்ணாதிருக்க முடியவில்லை. நேரில் கூடுவதனால் வஞ்சகம் ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. வஞ்சகர் கூட்டத்திலும் அமர்வர். ஆனால் ஒருவர் களைத்திருப்பதைக் கூட்டம் கண்டுகொள்ளும். கண்டுகொள்ள வேண்டும்.

மும்மைக் கடமை

மீண்டும் அப்பெண்ணின் சொல்லுக்கு வருவோம். நான் விட்டால் நின்றுவிடும். இச்சொல் உண்மையாக இருக்குமிடத்தில் மூவர் தத்தம் கடமையில் தவறியுள்ளனர் எனலாம்.

முதலாமவர், பெற்றுக்கொள்வோர். நன்றியை நாம் நல்ல உணர்ச்சி என்று கருதுகிறோம். தூய தோமா அக்குவினாரோ நன்றியை நீதி எனும் நற்பண்போடு இணைத்துவைத்து ஆராய்கிறார். நன்றி செலுத்துவது ஒருவகைக் கடனைத் தீர்ப்பது. கூட்டத்திற்கு வந்து, கேட்டு, தேநீர் அருந்தி, 'நன்றி, அருமை' என்று சொல்லிப் போவதால் அக்கடன் தீராது. இரண்டு நாற்காலிகளை மடித்துவைத்தால் சிறிது தீரும். அடுத்த மாதம் பேச்சாளரை நான் அழைக்கிறேன் என்று சொன்னால் இன்னும் சிறிது தீரும். எல்லோராலும் நிரல் எழுத இயலாது. நாற்காலி மடிக்க இயலாதவர் அரியர்.

இரண்டாமவர், கொடுப்போர். இது சொல்லக் கடினமானது. எனினும் சொல்ல வேண்டியது. இன்றியமையாதவராக இருப்பதில் ஓர் இனிமை உண்டு. நாமின்றி எதுவும் நடவாது என்ற எண்ணம் முதலில் சுமையாகத் தோன்றும். நாளடைவில் அதுவே அணிகலனாகிவிடும். முப்பது ஆண்டுப் பணிவாழ்வில் இவ்வணிகலனை நாமும் அணிந்திருக்கிறோம், கழற்றும்போது வலித்தது. நல்ல அமைப்பாளர் முதல் நாளிலேயே தமக்குப் பின் வருபவரைத் தேடத் தொடங்குகிறார். ஒரு முறை குறைவாக நடக்கட்டும், தேநீர் ஆறிப்போகட்டும், புதியவர் ஒருவர் தட்டுத்தடுமாறி நடத்தட்டும். அக்குறைகளைப் பொறுத்துக்கொள்வதும் தொண்டின் ஒரு பகுதியே.

மூன்றாமவர், நிறுவனங்கள். இப்பொதுக்குளத்தால் பெரும்பொருள் ஈட்டுவோர் அதன் கரையைக் காக்கப் பொருளும் ஆளும் தருதல் அறச்செயல் என்று சொல்வதுகூடப் போதாது; அது நீதி. இதயக் கசிவுக்குப் பின் பெரு நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து இதற்கென நிதி ஒதுக்க முன்வந்தன. அதிர்ச்சிக்குப் பின்தான் நீதி விழிக்க வேண்டுமா?

இவ்வாறு எழுதிவந்த நம் கை இங்கே சற்று நின்றது. நம் பங்கு அலுவலகக் கணிப்பொறியில் திருமண அறிவிப்புகளைத் தட்டச்சு செய்வது லிப்ரே ஆபிஸ் எனும் கட்டற்ற மென்பொருளில். அதற்காக நாம் எவருக்கும் ஒரு காசும் தந்ததில்லை. ஒரு நன்றியும் சொன்னதில்லை. மன்றத்தைத் தந்தபோது நாம் கொடையாளர் என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் நாம் கடனாளி. கடனாளியாகிய நாமே கொடையாளரிடம் மின்கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தோம்!

மார்த்தாவின் முறையீடு

பெத்தானியா சகோதரியர் இருவரைப் பற்றி நாம் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அமர்ந்து கேட்ட மரியாவைப் போற்றி, பரபரத்த மார்த்தாவை மென்மையாகக் குறைகூறி முடிப்பதே வழக்கம். நாற்காலிகளுக்கிடையே அப்பெண்ணைக் கண்ட மாலையில்தான் ஒன்று உறைத்தது. மார்த்தா வேலை மிகுதி என்று முறையிடவில்லை. தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்றே முறையிட்டாள். இருவரும் சேர்ந்து சமைத்திருந்தால் இருவரும் சேர்ந்து அமர்ந்து கேட்டிருக்கலாமே! ஒருவர் எப்போதும் அமர்ந்திருக்கவும் ஒருவர் எப்போதும் நின்றிருக்கவும் அமைந்த எந்தக் கூட்டமும், அது மென்பொருள் சந்திப்பாயினும் பங்குப் பேரவையாயினும், தன்னைச் சோதித்தறிய வேண்டும்.

அடுத்த மாதம் மின்கட்டணம் வேண்டாம் என்றோம். கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம் பேச அனுமதி கேட்டு, மன்றத்தின் சாவியைக் கையில் எடுத்துக்காட்டி, "இதனை அடுத்த மாதம் யார் வந்து வாங்கிக்கொள்வீர்கள்? நான்கு ஆண்டுகளாக வாங்கியவர் தவிர" என்று கேட்டோம். சிறிது நேரம் அமைதி. பின் வரிசையிலிருந்த ஒரு பாலிடெக்னிக் மாணவன் தயங்கிக் கை உயர்த்தினான். அம்மாதம் அவன் அரைமணி தாமதமாக வந்தான், ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, தேநீர் போதவில்லை. அப்பெண் இரண்டு முறை இருக்கையை விட்டு எழுந்தார். இரண்டு முறையும் அருகிலிருந்த தோழி கைப்பிடித்து அமர்த்தினார். அன்று ஓர் உரையை அவர் முதலிலிருந்து முடிவு வரை கேட்டார். கூட்டம் நிற்கவில்லை.

அன்பு வாசகரே, உங்கள் தெருவின் நூலகத்திலோ, பள்ளிப் பெற்றோர் கழகத்திலோ, இளையோர் குழுவிலோ, 'நான் விட்டால் நின்றுவிடும்' என்று சொல்லும் ஒருவர் இருப்பார். அவரைப் பாராட்டுவது எளிது, பாராட்டுங்கள். பின் அவர் கையிலுள்ள சாவியை ஒரு மாதத்திற்கு நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.